மூட்டை சுமந்த விமானம்

கேப்டன் கணினியில் வரைந்த விமானத்தின் மூக்கில் இருபத்தாறு குண்டுகள் வரிசை கட்டி நின்றன. எதிரி மேல் போட்ட ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு படமாம். சரக்கு விமானம் எங்கே குண்டு போட்டது என்று குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூட்டைகளையும் காயம்பட்ட சிப்பாய்களையும் சுமந்துகொண்டு, திருப்பிச் சுட ஒரு துப்பாக்கிகூட இல்லாமல் போர் முழுக்கப் பறந்தது அது. கேப்டன் அதைக் கல்யாண மாப்பிள்ளை போலப் பளபளவென்று நிறுத்தியிருந்தார். நாற்பத்து மூன்று பேர் பாராட்டியிருந்தார்கள்.

கேப்டன் என்பது அவர் தனக்கே சூட்டிக்கொண்ட பட்டம். வேலை காப்பீட்டு ஆபீஸில். நிஜத்தில் ஓட்டியது ஸ்கூட்டர் மட்டும்தான். அதையும் மனைவிதான் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தித் தர வேண்டும். ஆனால் கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களின் அந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். எந்த விமானத்துக்கு எந்தச் சாயம் என்று அவர் சொன்னால் சொன்னதுதான்.

அதே விமானத்தைக் குழுவில் இன்னொருத்தியும் வரைந்துகொண்டிருந்தாள். கார்ப் பட்டறையில் பெயின்ட் கலக்குகிறவள். அங்கே எல்லாருக்கும் கலர் அக்கா. வெயிலில் நாலு வருஷம் நின்ற சிவப்பு எவ்வளவு வெளுத்திருக்கும் என்று காரைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். கணினி விமானத்தின் மேல் சாயமும் எழுத்தும் ஏற்றுவது அவளுடைய ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்.

இருவருக்கும் ஆதாரம் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் குழுவுக்கு அனுப்பியது. அந்த விமானத்தில் மூட்டை ஏற்றி இறக்கிய அவருடைய அப்பா அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவள் நர்ஸுக்குப் போன் போட்டு அப்பாவின் உயரத்தைக் கேட்டாள். அதை வைத்து எழுத்துகளின் அளவைக் கணக்கிட்டாள். போர் அவசரத்தில் யாரோ தூரிகையால் இழுத்த வெள்ளைப் பட்டைகளைக் கோணலாகவே வரைந்தாள். எஞ்சினுக்குப் பின்னால் புகைக் கரி படியவைத்தாள். சரக்குக் கதவு மட்டும் படத்தில் ஒரு படி வெளிறித் தெரிந்தது. வேறொரு விமானத்திலிருந்து கழற்றி மாட்டியதுதான், சந்தேகமே இல்லை. அந்த ஒரு கதவு நாலு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது.

குழுவில் போட்டாள். கேப்டன் பதில் எழுதினார்: "மேடம், குப்பை லாரி மாதிரி இருக்கு. வீரத்துக்கு ஒரு மரியாதை வேணாமா?"

பாராட்டியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அவள் கணவர். அதற்காகவே கணக்குத் தொடங்கியவர்.

அடுத்த வாரம் நூலக அரங்கில் குழுவின் கண்காட்சி. இரண்டு விமானங்களும் பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் ஓடின. நர்ஸ் வந்தார். நேராகக் கேப்டனின் திரை முன்னால் போய் நின்றார்.

"இதுதான். அப்பா சொன்னது அப்படியே இருக்கு."

கேப்டன் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வயதானவரிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த விமானம் குண்டே போட்டதில்ல. உங்கப்பா ஏத்தினது மூட்டை."

சொன்ன பிறகுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. கேப்டனை அடிக்க ஓங்கிய கை, பாவம், இந்த அம்மாள் மேல் விழுந்துவிட்டது.

நர்ஸ் கோபப்படவில்லை. மெல்ல அவள் திரைக்கு வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இந்தக் கதவு ஏன் வேற கலர்ல இருக்கு?"

"பழைய கதவு உடைஞ்சிருக்கும்மா. வேற விமானத்துக் கதவை மாட்டியிருக்காங்க."

நர்ஸ் திரையில் அந்தக் கதவின் மேல் விரலை வைத்தார். "அப்பாவுக்கு வலது கையில ரெண்டு விரல் கிடையாது. குண்டு வெடிச்சுப் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. அம்மாகிட்ட மட்டும், கதவு கழண்டு விழுந்து நசுக்கிடுச்சுன்னு சொல்லியிருக்காரு. அம்மா பயப்படக் கூடாதுன்னு சொன்ன பொய்னு நாங்க நெனச்சோம்."

"அப்ப அதுதான் நெஜமா இருக்கும்."

"ஆமா." நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தரம் கதவுப் பக்கம் காட்டும்மா."

பத்து தரம் காட்டினாள்.

மறுநாள் கேப்டன் புதிய விமானம் ஒன்றைக் குழுவில் ஏற்றினார். குண்டுகளைக் காணோம். பட்டைகள் கோணல், எஞ்சினுக்குப் பின்னால் கரி, வெளிறிய கதவு. 'நீண்ட ஆய்வுக்குப் பின்' என்று மேலே எழுதியிருந்தார். கதவை மட்டும் வலப்பக்கம் வைத்திருந்தார். "இடப்பக்கம், கேப்டன்," என்று அவள் எழுதினாள். ஒரு மணி நேரத்தில் கதவு இடம் மாறியது. அவள் எழுதிய வரி காணாமல் போனது. ஐம்பத்தாறு பேர் பாராட்டினார்கள்.

"சண்டை போட மாட்டியா?" என்றார் கணவர்.

"இந்த ஆளுகூடவா?" என்றாள். நர்ஸ் அம்மாவின் வீட்டுக் கணினியில் தன் விமானத்தை ஏற்றிக் கொடுக்கப் போகவேண்டியிருந்தது. பென்டிரைவைத் தேடினாள்.