வெள்ளை முகவலை

தேனடைச் சட்டத்தை வெயிலுக்குத் திருப்பிப் பிடித்து ஒவ்வொரு அறையாகத் துழாவினேன். முட்டை தெரியவில்லை.

"இருக்கா?" என்றார் என் வீட்டுக்காரர், மாடிக் கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை ஒளித்துக்கொண்டு. இரும்புப் பட்டறையில் நாள் முழுக்கத் தீப்பொறிக்கு நடுவே நிற்கிற மனுஷன். தேனீ என்றால் மட்டும் அவருக்குக் கதவு வேண்டும்.

"தெரியலை."

"இல்லையா? தெரியலையா?"

அதுதான் கேள்வி. நாலு வாரமாக அதற்குத்தான் பதில் சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு வருஷம் பள்ளிச் சீருடை தைத்த கண்கள் இவை. போன வருஷம் காஜாவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு காஜா போட்டுவிட்டேன். கண்ணாடி மாற்றியும் பயனில்லை. தையல் மெஷினைத் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டு, கண்ணுக்கு வேலையில்லாத தொழில் என்று நம்பித் தேனீக்கு வந்தேன். இருப்பது ஒரே பெட்டி. இது பிழைத்தால் அடுத்த வருஷம் இரண்டாகும், அப்புறம் நாலாகும். இது போனால் மறுபடி தொடங்க எனக்குத் தெம்பு கிடையாது. இந்த இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கண்ணுக்கு வேலையில்லை என்று நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு! ராணி ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் முட்டை போடும். ஒவ்வொன்றும் ஊசிக் காதில் மாட்டிக்கொண்ட நூல் பிசிறு மாதிரி அத்தனை சிறியது. ராணியைத் தேடிப் பிடிக்க வேண்டியதே இல்லை, முட்டையைப் பார்த்தால் போதும். முதல் நாள் அறையின் அடியில் நட்டமாக நிற்கும், இரண்டாம் நாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். நட்டமாக ஒரு முட்டை நின்றால் நேற்றோ இன்றோ ராணி அங்கே நடந்து போயிருக்கிறாள் என்று அர்த்தம். இந்த ஏற்பாட்டை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. இப்போது அதே ஏற்பாடுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

பெட்டி கொடுத்த தேனீக்காரர் காலையிலேயே கூப்பிட்டிருந்தார். "அம்மா, என்கிட்ட ஒரே ஒரு ராணி உபரியா இருக்கு. நாலு மணி பஸ்ஸுல கொடுத்துவிடட்டுமா? ஆனா அதுக்குள்ள நல்லாப் பாத்துச் சொல்லிடணும். உள்ள ஏற்கெனவே ராணி இருந்தா வர்றவளைக் கொன்னுடுவாங்க."

நான் பெட்டியைத் திறக்கும்போதே மணி பதினொன்றாகியிருந்தது.

தொடங்குகிறவருக்குச் சாமான் அதிகம் வேண்டாம். சட்டங்கள் தொங்கும் பெட்டி. அதை நிறுத்த நாலு கால் ஸ்டாண்டு. எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலுக்கும் ஒரு தண்ணீர்க் கிண்ணம். ஒட்டிப்போன சட்டத்தை நெம்ப ஒரு தட்டை உளி, தேனீயைத் தள்ள மெல்லிய தூரிகை, புகை டப்பா, முகவலை. ஸ்டாண்டும் உளியும் வீட்டுக்காரர் பட்டறையில் அடித்தது. முகவலையும் மேலங்கியும் நானே தைத்தேன். கழுத்தில் இரட்டை மடிப்பு, மணிக்கட்டில் எலாஸ்டிக். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது.

புகை டப்பாவை மறுபடி அமுக்கினேன். புகை தேனீயை மயக்குவதில்லை. ஆபத்து என்று அவை ஒன்றுக்கொன்று அனுப்பும் வாசனையை மறைக்கிறது. கூடவே, தீ வந்துவிட்டது, ஓட வேண்டியிருக்கும் என்று நினைத்து வயிறு முட்டத் தேன் குடித்துவிடும். வயிறு நிறைந்தால் வளைந்து கொட்டக் கஷ்டம். கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தவர்கள் சண்டைக்குப் போவதில்லை, அந்த மாதிரி.

ஆனால் இன்று அவை அடங்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து வந்தது வழக்கமான ரீங்காரம் இல்லை, முனகல் மாதிரி இருந்தது. மூன்றாவது சட்டம், நாலாவது சட்டம். வியர்வையில் கண்ணாடி வழுக்கியது. எல்லா அறையும் ஒரே வெளுப்பு.

"போதும், கீழ வா. மொட்டை வெயில்ல மயக்கம் போட்டுடப் போற."

"கண்ணு போயிடுச்சுங்க எனக்கு. மொத்தமாப் போயிடுச்சு."

"போடி! நேத்து என் சட்டையில ஒட்டியிருந்த ஒரு முடியைக் கண்டுபிடிச்சு யாருதுன்னு கேட்டவ நீ. கண்ணு போனவளா?"

சிரிப்பு வரவில்லை. என்ன நினைத்தேனோ, முகவலையைக் கழற்றித் தரையில் எறிந்தேன்.

"ஏய்! பைத்தியமா உனக்கு?"

புருவத்தில் ஒன்று கொட்டியது. சட்டத்தை மூக்குக்கு அருகில் கொண்டுவந்தேன். திரை விலகியது போல அறையின் அடிவரை தெரிந்தது, சுவரும் மூலையும் மெழுகின் மஞ்சளும். அவற்றுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பிசிறுகள்.

"இருக்கு!" என்று கத்தினேன். "முட்டை இருக்குங்க! நிறைய இருக்கு!"

அவர் கதவை விட்டு வெளியே வந்துவிட்டார். வலியோடு சிரித்துக்கொண்டே தேனீக்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணே, ராணி வேண்டாம். எங்க ராணி இருக்கா. ஒவ்வொரு அறையிலயும் மூணு, நாலு முட்டை!"





"அடியில நிக்குதாம்மா, சுவர்ல ஒட்டிட்டு இருக்கா?"

மறுபடி பார்த்தேன். "சுவர்ல. அங்கங்க, கன்னாபின்னான்னு."

"அது ராணி போட்டது இல்லம்மா."

நிதானமாகச் சொன்னார். ராணியின் உடம்பு நீளம், வால் அறையின் அடியைத் தொடும், ஒன்று போட்டு நகர்ந்துவிடுவாள். ராணி போய் வெகுநாளானால் வேலைக்காரத் தேனீக்களில் சில தாங்களே முட்டை போடத் தொடங்கும். அவற்றுக்கு உடம்பு குட்டை, அடி எட்டாது. ஏற்கெனவே முட்டை இருக்கிறதா என்றும் பார்க்காது. அந்த முட்டையிலிருந்து ஆண் மட்டுமே பிறக்கும். ஆண் தேனீ பூவுக்குப் போகாது, கூட்டைக் கூட்டாது. இருப்பவை கிழடாகிச் சாகச் சாக, இடத்தை நிரப்ப ஒன்றும் வராது.

"சரி, உங்க ராணியை அனுப்புங்க. வெச்சுப் பாக்கலாம்."

"ஏத்துக்காதும்மா. தங்களுக்கு ராணி இருக்குன்னு நெனச்சுட்டு இருக்கு அதுங்க. காலையில பெட்டியைத் திறந்தா செத்துக் கிடப்பா."

"ஒரு தடவை அண்ணே. உங்க கால்ல விழறேன்."

"அம்மா, அப்படியெல்லாம் பேசாதீங்க."

"போன வாரமே சொல்லியிருந்தா?"

அவர் தயங்கினார். "போன வாரம் அனேகமா ஏத்துக்கிட்டிருக்கும். நீங்க ஒண்ணுமே தெரியலைன்னீங்க. அதுங்களே வளக்கற புது ராணி பொரிஞ்சு வெளியே பறந்துட்டு வர நாளாகுமேன்னு நானும் பொறுத்தேன். உங்க முகவலை என்ன கலர்?"

"வெள்ளை."

"ஐயோ. வெள்ளை வலை வெயிலை வாங்கி உங்க கண்ணுலயே திருப்பி அடிக்கும்மா. கறுப்புதான் ஊடுருவித் தெரியும். கடையில எல்லாம் கறுப்பா விக்கறாங்களே, ஏன்னு யோசிக்கலையா?"

யோசித்தேன். வெள்ளை அங்கிக்குக் கறுப்பு வலை வைத்தால் எடுப்பாக இருக்காது என்று யோசித்தேன். துணிக்குத் துணி சேருகிறதா என்று பார்த்தே பழகிய புத்தி.

இனி ஒரே வழிதான் என்றார் அவர். இந்தத் தேனீக்களை அவருடைய தோப்பில் கொட்டிவிட வேண்டும். வீடில்லாமல் நிற்பவை அங்கிருக்கும் பெட்டிகளில் போய்க் கெஞ்சும். வயிற்றில் தேனோடு பணிந்து வருவதைக் காவல் தேனீக்கள் முகர்ந்து பார்த்து உள்ளே விடும். தேனீயாவது பிழைக்கும்.

"என் பெட்டி?"

"காலிப் பெட்டிதாம்மா."

அன்று இருட்டுகிற நேரத்தில் பெட்டியின் வாசலை வலைத்துண்டால் அடைத்தோம். மறுநாள் காலை பட்டறை வண்டியில் பெட்டியை ஏற்றினோம். வழியெல்லாம் வீட்டுக்காரர் பள்ளம் பார்த்து, மாடு ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டினார். நான் பெட்டிமேல் கை வைத்தபடி வந்தேன். முனகல் உள்ளங்கையில் ஏறியது.

தோப்பில் தேனீக்காரர் தம் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு பழைய விரிப்பைப் போட்டிருந்தார். "நான் உதறட்டுமா?" என்று கேட்டார்.

"நானே உதறுறேன்."

வீட்டுக்காரர் புகை டப்பாவைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு சட்டமாக எடுத்து ஓங்கி உதறினேன். பொத்துப் பொத்தென்று விழுந்தன. கொஞ்ச நேரம் திக்குத் தெரியாமல் சுற்றின. பிறகு ஒன்று, பின்னாலேயே பத்து, அப்புறம் ஓர் ஓடையே, பக்கத்துப் பெட்டியின் வாசலை நோக்கி நடந்தது. காவல் தேனீக்கள் நிறுத்தி முகர்ந்தன. இவை தலையைத் தாழ்த்தி நாக்கை நீட்டித் தேனைக் கொடுத்தன. உள்ளே விட்டார்கள். அரை மணியில் விரிப்பு ஏறக்குறையக் காலியானது.

ஒரு கைப்பிடி மட்டும் போகவில்லை. விரிப்பின் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"அதுங்கதான் முட்டை போட்டதா இருக்கும்," என்றார் தேனீக்காரர். "உள்ள விடமாட்டாங்க. விட்டுடுங்கம்மா."

நான் தூரிகையை எடுத்து அந்தக் கைப்பிடியை மெதுவாக வாசல் பக்கம் தள்ளினேன். இரண்டு காவல் தேனீக்கள் முன்னால் கிடந்த ஒன்றைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே உருட்டின. மற்றவை விரிப்புக்கே திரும்பி வந்தன.

"வா, போகலாம்," என்றார் வீட்டுக்காரர். "வெயில் ஏறுது."

"நீங்க வண்டியில இருங்க," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தள்ளினேன்.