பின்னால் நகர இடம்

அட்டையை எங்கே வைத்தேன்? கைப்பையில்தானே? இவர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டால் தேவலை.

கணவர் கேட்டேவிட்டார்.

"ஓவியக்கூடத்து உறுப்பினர் அட்டையைக் குடு, ரத்து பண்ணிடறேன். சனிக்கிழமை சாயங்காலம் நீ வீட்ல இருந்தா எங்க அக்கா வீட்டுக்காவது போய்ட்டு வரலாம்."

வாரம் முழுவதும் மருத்துவமனையின் விசாரணை மேசையில் பதில் சொல்லிக்கொண்டே இருப்பவளுக்கு, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்தக் கூடம். அதிலும் ஒரே ஒரு படம். ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கும் ஒரு பெண்ணின் முதுகு.

"உனக்காகத்தானே இவ்ளோ பெரிய டிவி! அந்த முதுகுக்காரிய வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன், பாரு."

ரிமோட்டை அழுத்தினார். திரையில் சுவர் நிறைய வந்து நின்றாள் முதுகுக்காரி. பின்னலில் இருந்து பிரிந்த ஒற்றை முடிகூடத் தெரிந்தது. ஓவியக்கூடத்தில் அது இவள் கண்ணில் பட்டதே இல்லை.

"எப்பிடி?"

"நல்லாத்தான் இருக்கு."

பொய்யில்லை. ஆனாலும் கால் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஓர் அடி பின்னால் வைத்தாள், இன்னொன்று. சாப்பாட்டு மேசை இடுப்பில் இடித்தது.

"எங்க ரிவர்ஸ்ல போற?"

"தள்ளி நின்னு பாக்கணும்."

"அங்கயே நில்லு. நான் சின்னதாக்கறேன்."

முதுகுக்காரி தபால்தலை அளவுக்குச் சுருங்கினாள். சோபாவில் கிடந்த மகள் கெக்கலித்தாள். "அப்பா, அவங்கள காணாமலே பண்ணிட்டீங்க!"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. தள்ளிப் போவதும் சின்னதாவதும் ஒன்றில்லை என்று இவருக்கு எப்படிச் சொல்வது? ஓவியக்கூடத்தில் தூண் ஓரமாக நின்றால், அந்தப் பெண் இதோ திரும்பப் போகிறாள் என்றிருக்கும். கிட்டே போனால் வெறும் சாயம். இவள் மறுபடி பின்னால் வருவாள். போவாள், வருவாள். கிறுக்கு என்று காவலர் நினைத்திருப்பார். மற்றவையெல்லாம் அவளைத் தேடி வந்துவிடுகின்றன: நோயாளிகளின் கோபம், மகளின் தொலைந்த சாக்ஸ், இப்போது இந்தப் படமும். அங்கே எதுவும் தேடி வராது. அவள்தான் போக வேண்டும். எவ்வளவு கிட்டே, எவ்வளவு தள்ளி என்பதை அவள் கால்தான் முடிவு செய்யும்.

"என்ன யோசனை? குடு."

கையை நீட்டினார். கோபமில்லை, நல்ல மனசோடுதான் நீட்டினார். அதுதான் கஷ்டம்.

அட்டை கைப்பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"அக்கா வீட்டுக்கு நாளைக்கு, ஞாயித்துக்கிழமை போலாங்க," என்றபடி செருப்பில் காலை நுழைத்தாள்.