பௌர்ணமி முட்டை

பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று தட்டை நீட்டி நம்பிக்கையோடு நிற்கிறதே, அந்த நம்பிக்கைக்கு விலை ஒரு ரூபாய் இருபது காசு. தொண்ணூற்றெட்டில் முட்டை விலை அதுதான். மொத்தமாக எடுத்தால் பத்து காசு கம்மி.

சத்துணவு அமைப்பாளர் ராஜமாணிக்கம் மொத்தமாகத்தான் விற்றார். வாரம் ஒரு முட்டை என்பது சட்டம்; எந்தக் கிழமை என்பது அவர் கையில். பௌர்ணமி வருகிற வாரத்தில் சரியாகப் பௌர்ணமியன்று வைப்பார். அன்றைக்கு நாற்பத்தைந்து பிள்ளைகள் கிரிவலப் பாதையில் கற்பூரம் விற்கப் போய்விடுவார்கள். முந்தின நாளே எழுதிவைத்த பதிவேட்டில் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்து, உட்கார்ந்து, தின்றிருப்பார்கள். மிச்சம் பச்சையாகவே செங்கம் சாலை ஆம்லெட் கடைக்குப் போகும். மூன்று பௌர்ணமியாக இதுதான் நடப்பு.

போன பௌர்ணமிக்கு மறுநாள் நாலாம் வகுப்புக் கவிநிலா சமையல்காரி காசியம்மாளிடம் வந்து, "ஆயா, என் முட்டை?" என்றாள்.

"வராதவங்களுக்குக் கிடையாது. ரூல்ஸ்" என்றார் ராஜமாணிக்கம், அவள் தின்றதாக எழுதிய பதிவேட்டை மூடியபடி.

காசியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதமாகியும் அணையவில்லை.

அடுத்த பௌர்ணமியன்று பதினோரு மணிக்குப் பையோடு வந்த ராஜமாணிக்கம் அண்டாவைப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டும் வெந்து கிடந்தன. அவித்த முட்டையில் எவன் ஆம்லெட் போடுவான்?

"யாரைக் கேட்டும்மா அத்தினியும் அவிச்ச?"

"நூத்திப் பன்னெண்டு பேரும் வந்துட்டாங்கன்னு நேத்தே எழுதிட்டீங்களே சார். வந்த புள்ளைங்களுக்கு அவிக்காம இன்னா பண்ணுவேன்?"

"வராததுங்களுது?"

"யார் யார் வரலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அவங்க முட்டையை இங்கயே வச்சிக்கறேன்."

பேனா சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை.

மத்தியானம் காசியம்மாள் நாற்பத்தைந்தையும் கூடையில் எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதையில் இறங்கினாள். பிள்ளை பிள்ளையாகத் தேடிக் கொடுத்தாள். கவிநிலா கற்பூரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டே வாயில் முடித்தாள்.

"ஆயா, இது போன மாசத்துதா, இந்த மாசத்துதா?"

"இந்த மாசத்து. அது இன்னும் வரணும்."

சம்பள நாளன்று ராஜமாணிக்கம் சிரித்தார். "முட்டையை வெளிய எடுத்துட்டுப் போறது ரூல்ஸுக்கு விரோதம்மா. மேல எழுதினா உன் வேலை போய்டும். பாவம்னு, நாப்பத்தஞ்சும் உடைஞ்சதா எழுதி சம்பளத்துல புடிச்சிட்டேன். அம்பத்தி நாலு ரூபா."

காசியம்மாள் மீதியை எண்ணி முந்தானையில் முடிந்தாள். பிறகு அடுப்புக்கரியை எடுத்து, அதிகாரிகள் வந்தால் முதலில் கண்ணில் படுகிற சமையல்கூடச் சுவரில் எழுதினாள்:

முட்டை 112. தின்றது 112. உடைந்தது இல்லை. காசியம்மாள் கொடுத்தது ரூ. 54.
முந்தைய மூன்று பௌர்ணமிக்கு முட்டை 135. ராஜமாணிக்கம் சார் பாக்கி.