மூன்று தடவை கூப்பிட்டால்

எங்கள் தீவில், கேம்பல் பேயில், டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இதை மெயின்லேண்டுக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. சாயங்காலம் ஐந்து மணி என்றால் பிள்ளைகள் வெயிலில் விளையாடிவிட்டு வந்து உட்காரும் நேரம் என்று சென்னையில் யாரோ ஒரு மகராசன் முடிவு செய்திருக்கிறான். அந்த நேரத்துக்குத்தான் எங்கள் பஸீலாவின் பள்ளிக்கூட டேப்லெட் தினமும் வாயைத் திறக்கும். இங்கே அப்போது பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருக்கும்.

பஸீலா என் கூடப்பிறந்த அக்கா, ரஹ்மத்துன்னிசா லாத்தாவின் மகள். இரண்டாம் வகுப்பு. லாத்தா மௌத்தாகிப் போய்ச்சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு பிள்ளை என்னிடம்தான் வளர்கிறாள். நான் கல்யாணம் கட்டிப்போய், அது சரிப்படாமல் திரும்பி வந்தவள். பஜாரில் நோட்டு, பேனா, வளையல், ரீசார்ஜ் எல்லாம் கலந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பின்கட்டிலேயே வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். எனக்கென்று உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த டேப்பைப் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து படிப்பதற்காம். அது "பஸீலா!" என்று கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கும். கொஞ்ச நேரம் பார்க்கும். பதில் வராவிட்டால், "பரவாயில்லை, அடுத்தது" என்று சொல்லிச் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டுப் போய்விடும். பஸீலாவுக்கு எல்லாமே சிவப்பு. பிஸ்கட் பாக்கெட்டின் முதுகைத் தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் படித்துக் காட்டுகிற பிள்ளை, அந்த டேப் கூப்பிட்டால் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள்.

அவள் வாப்பா தமீம் மச்சான் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனார். கன்ஸ்ட்ரக்‌ஷன் சாமான் சப்ளை செய்கிறவர். தப்பான மனுஷர் இல்லை, அவசரக்காரர்.

"ஷாஹினா, பிள்ளைக்கு ஏதோ கொற இருக்கு. அரையாண்டு லீவு வரைக்கும் பாப்பேன். இதே மாதிரி செவப்பாவே இருந்துச்சுன்னா மெட்ராஸ்ல சேத்துருவேன். அங்க இந்த மாதிரிப் புள்ளைகளுக்குன்னே ஹாஸ்டலோட ஸ்கூல் இருக்கு."

"எந்த மாதிரிப் புள்ள மச்சான்? அவளுக்கு என்ன கொற?"

"டேப்ல வருதுல்ல?"

டேப்பில் வந்துவிட்டதாம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பிள்ளை ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும், மச்சானுக்குச் சொன்னால் காதில் ஏறாது. அது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் ஆட்கள் கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்தபோது கூடவே வந்தது. பொழுது சாய்ந்த பிறகு யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒரு தடவைக்கு வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது தடவைக்கும் கூடாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் அது மனுஷர். இருட்டில் அலைகிற மற்றதுகளால் ஒரு தடவைக்கு மேல் கூப்பிட முடியாது. ஆழிப்பேரலைக்குப் பிறகு தகரக் கொட்டகையில் இருந்த நாட்களில் கடற்கரைப் பக்கம் எத்தனையோ கூப்பிடு குரல்கள் கேட்கும். நானும் லாத்தாவும் சின்னப் பிள்ளைகள். கையைக் கோத்துக்கொண்டு எண்ணுவோம். எல்லாம் ஒன்றோடு நின்றுவிடும்.

பள்ளிவாசல் ஹஜ்ரத், இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டார். லாத்தா விடவில்லை. "மார்க்கத்துல இல்லாட்டி என்னா ஹஜ்ரத், வாய மூடிக்கிட்டு இருந்தா பாவமா?" என்று கேட்டுவிட்டாள். மகளுக்கும் அதையே சொல்லி வளர்த்தாள். "என் கொரலா இருந்தாலும் சரி. ஒருவாட்டிதான் கூப்புடுதுன்னா அது நான் இல்ல, வெளங்குதா?"

லாத்தாவுக்கு வயிற்றில் கட்டி என்று போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மழையில் ஹெலிகாப்டர் பறக்கவில்லை. லாத்தா கப்பலில் போனாள். நானும் பஸீலாவும் கப்பல் துறை ஜெட்டியில் நின்று கையசைத்தோம். போர்ட் பிளேரிலேயே அடக்கம் செய்துவிட்டு மச்சான் தனியாகத் திரும்பி வந்தார். அந்த வாரம் ஒரு சாயங்காலம், ஜெட்டிப் பக்கமிருந்து "பஸீலா" என்று லாத்தாவின் குரல் வந்தது. ஒரே ஒரு தடவை. பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையைப் பார்த்தேன். இருவரும் வாயைத் திறக்கவில்லை. அதோடு நின்றுவிட்டது. அன்றைக்கு அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை.

நவம்பரில் டேப் கம்பெனியிலிருந்து கௌதம் என்ற பையன் வந்தான். பள்ளிக்கூடத்தில் பெற்றோரை உட்காரவைத்துப் பேசினான். நல்ல மரியாதையான பையன்தான்.

"பிள்ளைங்க அந்நியக் குரலுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. கலாசாரம் ரொம்ப முக்கியம். அவங்க வீட்டுக் குரல்லயே பாடம் வந்தா நல்லா படிப்பாங்க. நீங்க பேசினது கொஞ்சம் ரெக்கார்டு இருந்தா போதும். குரலை மட்டும் எடுத்துக்கிட்டு மீதிய டேப்பே பேசிக்கும்."

எல்லாரும் தங்கள் தங்கள் குரலைக் கொடுத்தார்கள். பக்கத்துக் கடை சர்தார்ஜி பேத்திக்காக ஒரு பாட்டே பாடிக் கொடுத்தார். மச்சான் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாத்தா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாட்ஸாப்பில் அனுப்பிய குரல்களை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் ஒரு வாடிக்கையாளருக்கு வளையல் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். "பஸீலா!" என்றது டேப். வளையல் கையிலிருந்து விழுந்து உடைந்தது. "அரே தீதி, கியா ஹுவா?" என்று கேட்டாள் அந்தப் பெண். என்ன ஆயிற்று என்று நான் எந்தப் பாஷையில் சொல்வது? என் லாத்தா, என் கடைக்குள், ஸ்டூல் மேல் இருந்துகொண்டு, யானைக்கு எத்தனை கால் என்று கேட்கிறாள்.

பஸீலா சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை, அடுத்தது" என்றாள் லாத்தா.

"அது டேப்புடா தங்கம். வாப்பா குடுத்த ரெக்கார்டு" என்று பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"தெரியும் சாச்சி. ஆனா உம்மா ஒருவாட்டிதான கூப்புடுறாங்க."

மறுநாளே கௌதமைப் பள்ளிக்கூட வாசலில் மடக்கினேன். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் சத்தம் போட்டேன்.

"யாரக் கேட்டுச் செத்தவ கொரலப் போட்டீங்க? மொதல்ல அத எடுங்க. ரெண்டாவது, எங்க புள்ளைங்களுக்குக் காது கேக்காம இல்ல, மூள இல்லாம இல்ல. மனுஷர கூப்புடுற மாதிரி மூணு வாட்டி கூப்புட்டுப் பாருங்க. அப்ப பேசுறாளா இல்லையான்னு தெரியும்!"

நான் திட்டத் திட்ட அவன் முகம் மலர்ந்தது. வழக்கத்தை முழுசாகச் சொல்லச் சொல்லிக் கேட்டான். "அக்கா, இதுதான் எங்களுக்கு வேணும். இத யாருமே சொல்லலையே! பிள்ளைங்க ஏன் பதில் சொல்றதில்லைன்னு நாங்க மாசக்கணக்கா மண்டைய ஒடச்சிட்டிருக்கோம்" என்றான். லாத்தாவின் குரலை மட்டும் நீக்க முடியாதாம். அதற்கு வாப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர்தான் சொல்ல வேண்டும். மச்சான் சொல்லவில்லை. நானும் அப்புறம் வற்புறுத்தவில்லை. காரணம் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் குரலைக் கேட்க என் காதும் ஏங்க ஆரம்பித்துவிட்டது.

டேப் மாறியது. "பஸீலா." கொஞ்சம் இடைவெளி. "பஸீலா." இடைவெளி. "பஸீலா!"

"என்ன உம்மா?" என்றாள் பிள்ளை.

அவ்வளவுதான். ஒரு வருஷமாக அடைத்திருந்தது மடை திறந்தாற்போலக் கொட்டியது. யானைக் கால், ஏழாம் வாய்ப்பாடு, கடலில் போகிறவை ஆகாயத்தில் போகிறவை எல்லாம் பச்சைப் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் டேப், "சபாஷ், கண்மணி!" என்று சொல்லும். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. லாத்தா ஜென்மத்தில் யாரையும் கண்மணி என்று சொன்னவளில்லை. பிள்ளை முதல் பல் முளைத்துக் கடித்தபோதுகூட "மாஷா அல்லாஹ்" என்றுதான் சொன்னாள். குரலை எடுத்துக்கொண்டு மீதியை அதுவே பேசிக்கொள்ளும் என்றானே, அந்த மீதி இது.

மச்சான் பச்சையைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் ஜிலேபி வாங்கி வந்தார். மெட்ராஸ் பேச்சு நின்றது. என் பிள்ளை என்னிடமே இருக்கப்போகிறாள் என்று அன்று நிம்மதியாகச் சோறு தின்றேன்.

அரையாண்டு லீவுக்கு முந்தின நாள் ஊர் முழுக்க கரண்ட் போய்விட்டது. டேப்பில் சார்ஜ் இல்லை. அதை மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் பஸீலா கப்பல் படம் வரைந்துகொண்டிருந்தாள். பாங்கு முடிந்தது. தெருவில் ஆள் இல்லை.

ஜெட்டிப் பக்கமிருந்து வந்தது. "பஸீலா."

எனக்குப் பழக்கம்தான். நான் பிள்ளையைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். அவளும் தலையாட்டினாள். ஒன்றோடு நின்றுவிடும். எப்போதும் நிற்பதுதான்.

"பஸீலா."

அது இரண்டாவது தடவை கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை. ஆழிப்பேரலைக்குப் பிறகு செத்தவர்கள் அத்தனை பேர் கூப்பிட்டபோதும் கேட்டதில்லை. பஸீலா பென்சிலைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் பயமில்லை. பாடத்துக்கு உட்காரும் முகம்.

அதே இடைவெளி. டேப் விடுகிற அதே இடைவெளி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கடையில் தினமும் பாடம் நடந்தபோது பிள்ளை மட்டும் உட்கார்ந்து படிக்கவில்லை. வெளியே நின்று வேறொன்றும் படித்திருக்கிறது.

பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தினேன்.

"பஸீலா!"

என் உள்ளங்கைக்குள் அவள் உதடு அசைந்தது. "என்ன உம்மா" என்ற மூச்சு சூடாகக் கையில் பட்டது. வெளியே கேட்டிருக்காது. கேட்டிருக்கவே கூடாது. நான் அவளை இறுக்கிக்கொண்டு, தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினேன்.

கடைப் படிக்கட்டுக்குக் கீழே, கையெட்டும் தூரத்தில், என் லாத்தாவின் குரல் சொன்னது.

"சபாஷ், கண்மணி!"

பஸீலா என் கையை விலக்கிவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சாச்சி, உம்மா அப்புடிச் சொல்ல மாட்டாங்கள்ல? மாஷா அல்லாஹ்ன்னுதான சொல்லுவாங்க?" என்று காதுக்குள் கேட்டாள்.

"ஆமாடா. ஒங்க உம்மா அப்புடிச் சொல்ல மாட்டா."

கரண்ட் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். விளக்கு எரிந்ததும் முதல் வேலையாக டிராயரைத் திறந்து, டேப்பை வாசல் கல்லில் போட்டு அம்மிக் குழவியால் அடித்து நொறுக்கினேன்.

மறுநாள் காலையில் மச்சான் வீட்டுக்குப் போய் நானே சொன்னேன்.

"புள்ளைய மெட்ராஸ்ல சேத்துருங்க மச்சான். இந்த லீவுலயே. கப்பல் வேணாம், ஹெலிகாப்டர்லயே கூட்டிட்டுப் போங்க."

"ஒனக்கென்ன பைத்தியமா? எல்லாம் பச்சையானப்பறம் எதுக்கு? நீதான விடமாட்டேன்னு நின்ன?"

நடந்ததைச் சொன்னால் மனுஷர் என்னைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். "எனக்கு ஒடம்புக்கு முடியல" என்று மட்டும் சொன்னேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். நல்ல ஸ்கூல் என்று அதன் மேல் முன்பே அவருக்கு ஒரு கண் இருந்தது.

சாயங்காலம் டிக்கெட்டோடு வந்தவர், உடைந்த டேப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"இது ஒடஞ்சா என்னா, இதுக்குள்ளயா எல்லாம் இருக்கு? கௌதம்கிட்ட கேட்டேன். அந்த ஸ்கூல்லயும் இதேதானாம். வேற டேப்புல பேர அடிச்சா, கொரல், பழக்கம், கூப்புடுற மொற எல்லாம் அப்புடியே அங்க வந்துருமாம்."

பஸீலா பெட்டிக்குள் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அங்க எத்தன மணிக்கு சாச்சி இருட்டும்?"