மன்னருக்கு இரண்டாயிரம் வாட்

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் அக்கா எழுதிய வசனம் அது. போரில் மகனை இழந்த அரசி, சபை நடுவே நின்று மன்னனைக் கேள்வி கேட்பாள். அரசியாக அக்காவே நடித்தாள். அரங்கு அழுதது. மன்னராக நடித்தவர் அவள் கணவர். குழுவை நடத்துபவரும் அவர்தான். கைதட்டல் எல்லாம் அரசிக்கே போவதை அவரால் செரிக்க முடியவில்லை. இந்த முறை நாடகம் மறுபடி மேடையேறியபோது அரசியையே வெட்டிவிட்டார். மன்னர் தன்னைத் தானே கேட்டுக்கொள்வதுபோல் மாற்றி, வசனத்தைத் தான் எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு, ஜன்னலோரம் வாய் திறக்காமல் நிற்கும் பணிப்பெண் வேடம்.

"வயசாச்சுல்ல? நிக்கிறதே பெரிய விஷயம்," என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

குழுவுக்கு விளக்குப் போடுபவள் அக்காவின் தங்கை. எல்லோருக்கும் அவள் சின்னவள். அரங்கின் பின்புறம், மாடியில் இருந்தது அவளுடைய சுவிட்ச் பலகை. மன்னர் பேசப் பேச, ஜன்னலோரம் அக்காவின் உதடுகள் ஓசையில்லாமல் அதே சொற்களைச் சொல்வதை அங்கிருந்து பார்த்தாள்.

"நீ ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?"

"விடுடி. யார் பேசினா என்ன, வசனம் ஒண்ணுதானே."

"அப்புறம் உதடு ஏன் ஆடுது?"

அக்கா முகப்பூச்சைத் துடைத்தாள். பூச்சு போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா அழுதிருந்தால் சின்னவள் அத்தானை மன்னித்திருப்பாளோ என்னவோ. அந்தத் துடைப்பை அவளால் மன்னிக்க முடியவில்லை. அவர் எந்த மேடையில் அந்த வசனத்தைப் பிடுங்கினாரோ, அதே மேடையில், நிரம்பிய அரங்கின் முன்னால் அதை இழக்க வேண்டும்.

கடைசி ஆட்டத்தன்று மதியம் ஏணியில் உட்கார்ந்து, பல்பு வந்த அட்டைப்பெட்டியின் முதுகில் கணக்குப் போட்டாள். வசனக் காட்சியில் இரண்டே விளக்குகள். மன்னர் தலைக்கு மேல் ஆயிரம் வாட். இருநூற்று முப்பது வோல்ட்டில் அது நாலேகால் ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தாள். தடை ஐம்பத்து மூன்று ஓம். ஜன்னலுக்கு மேல் இருந்தது நூறு வாட் பல்பு. அது அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதன் தடை ஐந்நூற்று முப்பது. விளக்கு பெரிதானால் தடை சிறிது.

தனித்தனி வயரில் இருக்கும்வரை அவரவர் தகுதிக்கு எரியும். ஒன்றைக் கடந்துதான் மற்றொன்றுக்கு மின்சாரம் போக முடியும் என்று ஒரே வரிசையில் கோத்துவிட்டால், இரண்டிலும் ஓடுவது ஒரே ஆம்பியர். தடை அதிகமுள்ளவள் வோல்ட்டை அள்ளிக்கொள்வாள். இப்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினாள். ஜன்னலுக்கு எண்பது வாட்டுக்கு மேல். மன்னருக்கு எட்டு.

எட்டு! ஏணி ஆடும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு மாடிக்குப் போய், பலகையில் வயர்களைக் கோத்தாள்.

மாலையில், கிரீடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அத்தான் வந்தார்.

"எங்க, என் லைட்டைப் போடு பாப்போம்."

போட்டாள். தலைக்கு மேல், அணையப்போகும் கரித்துண்டுபோல ஒரு சிவப்பு.

"என்னம்மா கொழுந்தியா, மன்னர் பேச வர்றாரா, திருட வர்றாரா?"

"பல்பு பழசு அத்தான்."

"கடைசி ஆட்டம், பெரிய மனுஷங்க எல்லாம் வர்றாங்க. பெரிசாப் போடு. ரெண்டாயிரம் இருக்கில்ல?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இரண்டாயிரம் என்றால் தடை இன்னும் பாதி. இந்த வரிசையில் மன்னருக்கு ஐந்து வாட்கூடத் தேறாது.

"ரெண்டாயிரமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மன்னருக்குப் போய்க் கஞ்சத்தனம் பண்ணாதே. சொன்னதைச் செய்."

சொன்னதைச் செய்தாள். போட்டுப் பார்க்க நேரமில்லை, கதவைத் திறந்துவிட்டார்கள்.

வசனக் காட்சி வந்தது. மற்ற விளக்குகள் அணைய, மன்னர் நடுவே வந்து கை உயர்த்தினார். கை யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலோரம் அக்கா மட்டும் பொன்போல நின்றாள். அரங்கின் தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"மகனே..." என்றது இருட்டு. யாரோ சிரித்தார்கள். "லைட்டு! லைட்டு!" என்று இருட்டு சீறியது. பிறகு மன்னர் தடுமாறி ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து, அக்காவை முழங்கையால் இடித்தார். "தள்ளு."

அக்கா தலைக்கு மேல் எரிந்த பல்பைப் பார்த்தாள். தூரத்தில் மாடியைப் பார்த்தாள். மேடையிலிருந்து தன்னைப் பார்க்க முடியாது என்று தெரிந்தும் சின்னவள் எழுந்து நின்றாள்.

அக்கா நகரவில்லை.

"மன்னா, உன் கொடியைத் தைத்தவள் நான். மகன் காயத்துக்குக் கட்ட அதில் ஒரு முழம் கேட்டேன். கொடுத்தாயா?"

சிரித்தவர்கள் அடங்கினார்கள். அக்கா எழுதிய நாடகத்தில் அந்த இடத்தில் மன்னருக்கு வசனமே இல்லை. கேள்விகள் ஒவ்வொன்றாக விழ விழ அவர் பின்னால் போய், இருட்டில் மறைந்தார்.

வசனம் முடியும்போது அத்தான் மூச்சிரைக்க மாடிக்கு ஏறி வந்திருந்தார்.

"போடுடி! என் லைட்டைப் போடு!"

"நீங்கதான் மேடையில இல்லையே, அத்தான்."

"போடுன்னா போடு!"

பெரிய விளக்கின் வயரை வரிசையிலிருந்து உருவி நேரே செருகினாள். மேடை பட்டப்பகலானது. வணங்குவதற்காக நடுவே வந்திருந்த அக்காவின் மேல் இரண்டாயிரம் வாட்டும் கொட்டியது. அரங்கம் எழுந்து நின்று தட்டியது. அத்தான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கீழே போய் அந்தக் கைதட்டலில் பாதியாவது வாங்கிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, படிக்கட்டுக்கு ஓடினார்.

படிக்கட்டு கும்மிருட்டு.

"பாத்துப் போங்க," என்றாள் சின்னவள். படிக்கட்டு விளக்கின் சுவிட்ச் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு அவள் கை நீளவில்லை.