பன்னிரண்டு நிமிடம் நாற்பது விநாடி

வானகரத்தில் அந்தத் தெருமுனைக்கு ஒரே வீட்டுக்காக இரண்டு வண்டிகள் வரும். ஒன்று வெள்ளைக் கார், சின்ன மருமகள் பவித்ராவுக்கு. மற்றது ஒரு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டிய வேன், பெரிய மருமகள் கன்னியம்மாளுக்கு. இரண்டும் போய்ச் சேருவது ஒரே விமான நிலையம்தான். பவித்ரா விமானப் பணிப்பெண். கன்னியம்மாள், பயணிகள் இறங்கிப் போனதும் உள்ளே ஏறிக் குப்பை அள்ளி இருக்கை துடைக்கும் ஒப்பந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

கிரணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு பவித்ரா பட்டாபிராமிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, வெங்காயம் நறுக்கிக்கொண்டு கன்னியம்மாள் ஒன்று சொன்னாள்.

"பிளேன்ல என்ன பாத்தா பாக்காத மாரி போய்டு பவி. எங்கூட வர்றவளுங்க வாயி சும்மா கெடக்காது. உன் ஓரகத்தி ஒட்டி வெச்ச சூயிங்கத்த நீ சொரண்டுறியான்னு ஆரம்பிச்சிடுவாளுங்க."

"நான் சூயிங்கமே சாப்பிட மாட்டேன்க்கா."

"அது அவளுங்களுக்குத் தெரியுமா?"

பவித்ரா சிரித்தாள். ஒத்துக்கொள்வது சுலபமாகத்தான் இருந்தது. பதினோரு மாதத்தில் நான்கைந்து முறை ஒரே விமானத்தில் ஒருவரையொருவர் கடந்து போனார்கள். ஒருமுறை நடுவழியில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டபோது பவித்ரா பழக்க தோஷத்தில் "எக்ஸ்க்யூஸ் மீ" என்றாள். கன்னியம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். சாயங்காலம் வீட்டில் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. நாளாக ஆக, அந்த வீட்டில் விமானம் என்ற பேச்சே எழாமல் போயிற்று.

ஐப்பசியில் சர்குலர் வந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்த பயணங்களில் இனிமேல் சூடான சாப்பாடு கிடையாது. ஏறும்போதே கையில் ஒரு பொட்டலமும் தண்ணீரும் கொடுத்துவிட வேண்டும். தட்டு எடுப்பதும் டீ ஊற்றுவதும் இல்லாததால் மிச்சமாகும் நேரத்தில் பணிப்பெண்கள் தரையிறங்குமுன் குப்பையைச் சேகரிக்க வேண்டும். இறங்கிய பிறகு இருக்கைப் பைகளைக் காலி செய்து, துடைத்து, பெல்ட்டுகளை ஒழுங்கு செய்து, கழிவறைகளையும் கழுவி வைக்க வேண்டும். சென்னையில் ஒரு விமானத்தில் சோதனை நடக்கும். பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தால், பகல் நேரத்துக்குத் துப்புரவு ஒப்பந்தம் தேவையில்லை என்று முடிவெடுக்கப்படும்.

கடைசி வரியைப் பவித்ரா இரண்டு முறை படித்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, இத்தனை நாளும் இல்லாத வழக்கமாக, அவளே பேச்சை எடுத்தாள். "வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒரு டெஸ்ட்க்கா. நாங்களே பிளேனைக் கிளீன் பண்ணணுமாம். பதினஞ்சு நிமிஷம்."

"நீங்களா?" கன்னியம்மாளின் கை தட்டிலேயே நின்றது. "நகத்துல பாலிஷ் போட்டுகினு?"

"லேட்டானா மெமோ குடுப்பாங்க. எனக்கு அடுத்த மாசம்தான் வேலை நிரந்தரமாகணும். இப்பப் போய் மெமோ வந்தா..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். மற்றதையும் சொல்லத்தான் நினைத்தாள். கன்னியம்மாள் குழம்பை இன்னொரு கரண்டி அவள் தட்டில் ஊற்றினாள். சோதனை தோற்றால் சொல்லவேண்டிய அவசியமே இராது என்று பவித்ராவுக்குப் பட்டது. நான்கு பேர், நூற்றியெண்பது இருக்கைகள். எப்படியும் தோற்கத்தான் போகிறது.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் விமானம் பத்தேகாலுக்கு இறங்கியது. கடைசிப் பயணி வெளியேறியதும், முன்கதவுக்கு வெளியே நின்றிருந்த கோபி என்ற அலுவலர் கைக்கணினியைத் தட்டி நேரத்தை ஓடவிட்டார். தலைமைப் பணிப்பெண் சுரேகாவும் பவித்ராவும் முன்னால் இருந்து ஆரம்பித்தார்கள். நிஷாவும் இன்னொருத்தியும் பின்னால் இருந்து. எதற்கும் இருக்கட்டும் என்று துப்புரவுக் கூட்டத்தைப் பின்கதவுப் படிக்குக் கீழே நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு.

பவித்ரா ஐந்தாம் வரிசைக்கு வருவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. இருக்கைப் பைக்குள் கைவிட்டால் முறுக்குத் தூள், ஈரக் காகிதம், ஒரு குழந்தையின் சாக்ஸ். துடைக்கத் துடைக்கத் துணி அழுக்காயிற்று, மாற்றுத் துணி எங்கே என்று தெரியவில்லை. வெளியே கோபி போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவள் தலை நிமிரவே இல்லை. பதினான்காம் வரிசைக்கு வந்தபோது "முடிஞ்சுது மேடம்!" என்று நிஷாவின் குரல் கேட்டது.

"பன்னெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்" என்றார் கோபி. "சூப்பர். இவ்வளவு சீக்கிரம் முடிப்பீங்கன்னு நானே நினைக்கல." கைக்கணினியை நீட்டினார். வேறு எவருடைய உதவியும் இன்றிப் பணியாளர்களே முடித்தார்கள் என்ற வரிக்குக் கீழே நால்வரும் விரலால் கையெழுத்துப் போட்டார்கள்.

பயணிகளை ஏற்றுவதற்காகப் பவித்ரா பின்பக்கம் நடந்தாள். கழிவறையிலிருந்து பினாயில் வாசனை வந்தது. தரை விரிப்பில் ஒரு துணுக்கு இல்லை.

"நீங்க ரெண்டு பேருமா செஞ்சீங்க?"

நிஷா குரலைத் தாழ்த்தினாள். "கீழ நின்ன கும்பல்ல ஒரு அக்கா படக்குனு ஏறி வந்துச்சுடி. 'நகருமே, நகரு'ன்னு தள்ளிட்டுப் பறந்து பறந்து செஞ்சிட்டுப் போயிருச்சு. யாரு பெத்த மகராசியோ. வாயத் தொறந்துடாத."

பின்கதவு இன்னும் திறந்திருந்தது. படிக்குக் கீழே நீலச் சட்டை போட்ட எட்டுப் பெண்கள் அடுத்த விமானத்தை நோக்கி வெயிலில் நடந்துகொண்டிருந்தார்கள். கன்னியம்மாள் கடைசியில் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பவித்ரா வீடு திரும்பும்போது மணி நான்கு. கன்னியம்மாள் இரண்டு மணிக்கே வந்துவிட்டிருந்தாள். பின்கட்டில் குழாயடியில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் பரந்தாமன் பூந்தமல்லிப் பட்டறையிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. கிரணுக்கு அன்று இரவுப் பணி. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா, பாஸா?" என்றாள் கன்னியம்மாள். முகத்தில் சிரிப்பு இருந்தது.

பவித்ரா சீருடையோடு படியில் உட்கார்ந்தாள். "ஏன்க்கா ஏறி வந்தீங்க?"

"பின்ன? நீ மெமோ வரும்னு சொன்னியே. கதவாண்ட எட்டிப் பாத்தா அந்த ரெண்டு பொண்ணுங்களும் கோலம் போடுற மாரி தொடைச்சிகினு கீதுங்க. மனசு கேக்கல."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. பவித்ரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மீன் முடிந்து அடுத்த மீனைக் கன்னியம்மாள் கையில் எடுத்தபோதுதான் பவித்ரா வாயைத் திறந்தாள். மீதியைச் சொன்னாள். பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தால் பகல் ஒப்பந்தம் நின்றுவிடும் என்பதை. அது தனக்கு அன்றைக்கே தெரியும் என்பதையும்.

கன்னியம்மாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. மீன் முழுவதும் சுத்தமான பிறகும் கத்தி அதன்மேல் போய் வந்துகொண்டிருந்தது.

"எட்டு பேரும்மே நாங்க" என்றாள் கடைசியில்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சிதான் பாதிய முழுங்கிட்டே."

பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டினார்கள்.

"என் கையால நானே..." என்று ஆரம்பித்த கன்னியம்மாள் அதை முடிக்கவில்லை. கையைக் கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மீன் நாற்றமும் பினாயிலும் கலந்து வந்தது. "நடந்தத உங்க ஆபீசுக்குப் போன்லயே எழுதலாம்ல? எழுது."

"எழுதினா உங்க ஏர்போர்ட் பாஸைப் புடுங்கிடுவாங்கக்கா. எனக்கும் மெமோ வரும்."

"எழுதாட்டி மட்டும் பாஸ வெச்சி நான் இன்னா பண்ணப் போறேன்? எழுது. கன்னியம்மான்னு பேரு போட்டு எழுது."

பவித்ரா எழுதினாள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். பின்பக்கம் ஏழு வரிசைகளை ஒப்பந்தத் தொழிலாளர் கன்னியம்மாள் சுத்தம் செய்தார். அவர் என் கணவரின் அண்ணி. உதவியின்றி முடித்ததாக நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

"ஏழா? எவ சொன்னா ஏழுன்னு? பதினஞ்சுலேருந்து முப்பது வரிக்கும் நான். ரெண்டு கக்கூசும் நான். அத போடு."

"பதினாறு வரிசையா? பன்னெண்டு நிமிஷத்துல?"

"பன்னெண்டு எங்க? அதுங்க ரெண்டும் முழிச்சிகினு நின்னதே நாலு நிமிஷம். அப்பறம்தான் ஏறினேன்." அந்த நேரத்திலும் கன்னியம்மாளின் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. "அந்தப் பொண்ணுங்க பேர இழுக்காதே. கதவு தொறந்து கெடந்துச்சி, நானா ஏறினேன்னு எழுது."

பவித்ரா திருத்தினாள். அனுப்பும் இடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். கன்னியம்மாள் அவசரப்படுத்தவில்லை. எழுந்து போய் மீனுக்கு உப்பும் மஞ்சளும் தடவ ஆரம்பித்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பவித்ரா அனுப்பினாள்.

அடுத்த புதன்கிழமை சோதனையை மறுபடி நடத்தினார்கள். இந்த முறை பின்கதவைச் சாத்தி வைத்தார்கள். இருபத்தொரு நிமிடம் ஆயிற்று. ஒப்பந்தத்தை நிறுத்தும் யோசனை தள்ளிவைக்கப்பட்டது. பவித்ராவின் வேலை நிரந்தரமாவதும் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. சுரேகா அவளோடு வேலைக்குத் தேவையான சொற்களை மட்டும் பேசினாள். அனுமதியில்லாமல் ஏறியதற்காகக் கன்னியம்மாளின் பாஸைப் பதினைந்து நாளைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பதினைந்து நாளும் அவள் வழக்கம்போல விடியற்காலையில் எழுந்தாள். வேன் வந்து போகும் சத்தம் கேட்ட பிறகு மறுபடி போய்ப் படுத்தாள். ஒரு மத்தியானம், விடுமுறையில் இருந்த பவித்ரா மாடியில் அவளுக்குப் பக்கத்தில் நின்று துணி உலர்த்தினாள். பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"கோவமாக்கா?"

"வேலையத்து ஊட்ல குந்திகினு கீறேன். பின்ன இன்னா, சந்தோசமாவா இருக்கும்?"

பவித்ரா ஒரு சட்டையை உதறிப் போட்டு, கிளிப் மாட்டினாள். இன்னொன்றையும் போட்டாள். காலையில்தான் புது சர்குலர் வந்திருந்தது. அதை இந்த முறை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் மாடிக்கு வந்திருந்தாள்.

"பங்குனியில மறுபடி டெஸ்ட் வைக்கிறாங்கக்கா. அதுவரைக்கும் வாரம் ரெண்டு நாள் எங்களுக்குப் பயிற்சி."

"ம்."

"அதுல முடிச்சிட்டா, ஒப்பந்தம் நின்னுடும்."

"எத்தினி நிமிசம் குடுக்கறாங்க?"

"இருபது."

கன்னியம்மாள் ஈரத் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"முடிச்சிடுவீங்க" என்றாள்.