சத்தம் வராத தாள வகுப்பு

டோலக்குகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள் இசை ஆசிரியை உமாராணி. ரமலான் மாதம் முழுக்க அந்தப் பள்ளியில் வாத்தியங்களுக்கு ஓய்வு. அது வருடாவருடம் உள்ளதுதான். இந்த வருடம் கல்வித்துறை ஆய்வாளர் அம்மாளும் ரமலானில் வந்துவிட்டார். கணக்கு, அறிவியல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இரண்டாம் வகுப்பின் தாள வகுப்பைத்தான் பார்ப்பேன் என்கிறார்.

முதல்வர் சேதுமாதவன் கோவைக்காரர். அமீரகத்தின் அல் ஐனில் அவர் அறைக் கதவில் தொங்கும் பலகையில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். 'தொலைநோக்கு' என்று சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

"சத்தம் வரக் கூடாதுங்க மேடம். ஒரே ஒரு பேரண்ட் கம்ப்ளெயின்ட் பண்ணினாலும் கலாஸ், கதை முடிஞ்சுதுங்க. ஆனா கிளாஸ் லைவ்லியா இருக்கோணும்."

"சத்தமில்லாம எப்படி சார் தாளம் சொல்லித் தர்றது?"

"அதுக்குப் பேருதானுங்க இன்னோவேஷன். உங்க ரினியூவல இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சதும் பார்க்கலாமுங்க."

ரினியூவல் என்றால் வேலை ஒப்பந்தம்; அவளுக்கு அதுதான் விசா. ராஸ் அல் கைமாவில் ஓடு செய்யும் தொழிற்சாலையில் கணவன் ரெங்கராஜுக்கு வேலை போனதிலிருந்து அவனும் மகளும் இவள் விசாவில்தான் இருக்கிறார்கள். "உன் லக்கேஜ்லயே பெரிய பெட்டி நான்தான்டி" என்று காலையில்கூடச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மூன்று பேரும் ஊர் திரும்ப விமான நிலையத்தில் வரிசையில் நிற்பது அவள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் பிள்ளைகள் கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். ஆய்வாளர் வகுப்பறையின் பின்பக்கம் ஒரு குட்டி நாற்காலியில் அமர்ந்தார். தாளத்தையே கண்டுபிடித்தவர் மாதிரி சேதுமாதவன் பக்கத்தில் நின்றார். கழுத்தில் விரல் வைத்து உள்ளே துடிப்பதைத் தேடச் சொன்னாள் உமாராணி. கிடைத்ததும் அதே வேகத்தில் முழங்காலில் ஒற்றை விரலால் தட்ட வேண்டும். இரவெல்லாம் யோசித்ததில் அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

சத்தம் வரவில்லை. தாளமும் வரவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் தட்டியது. ஒருவன் இரண்டு கையாலும் தட்டினான். ஆய்வாளரின் பேனா நின்றது.

"ஒண்ணாட்டம் வரோணுமுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார் முதல்வர்.

முன்வரிசையில் இருந்த ஆமிரா எழுந்து வந்தாள். கீழக்கரைக் கடைக்காரர் ஒருவரின் மகள். வீட்டுத் தமிழும் பள்ளி ஆங்கிலமும் கலந்து பேசுகிறவள்.

"மிஸ், என்னோடது ஃபைண்ட் பண்ணவே முடியல. உங்களோடத எடுத்துக்கவா?"

கேட்டுக்கொண்டே உமாராணியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இழுத்துக்கொள்ள நேரமில்லை. குழந்தையின் புருவம் உயர்ந்தது.

"வாவ்! ஸோ ஃபாஸ்ட், மிஸ்!"

ஆமிராவின் மற்றொரு கை காற்றில் தட்டத் தொடங்கியது. வகுப்பு முழுக்க அதைப் பார்த்தது. முதலில் ஒரு முழங்காலில் அதே தட்டு, அடுத்து நான்கில், பிறகு எல்லாவற்றிலும். முதல் முறையாக அத்தனை விரல்களும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. உமாராணி மூச்சை நீளமாக விட்டுப் பார்த்தாள். நாடியின் வேகம் குறையவில்லை.

ஆய்வாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். ஆமிரா மணிக்கட்டை விடவில்லை; விரல்கள் இன்னும் வேகமாயின. அவர் பிள்ளைகளின் நடுவே வழி பார்த்து, உமாராணியை நோக்கி நடந்து வந்தார். இன்னும் வேகம். அவருக்குப் பின்னால் சேதுமாதவனின் ஆள்காட்டி விரல், அவருக்கே தெரியாமல், கோட்டுப் பொத்தானின் மேல் அதே வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தது.